குறிப்பேட்டின் கடைசிப் பக்கம்

நுழையும் முன்

வெளிநாடு சென்று படிக்கும் இந்திய மாணவர் பலர். விடுமுறைக்கு ஊர் திரும்பப் பணம் போதாதபோது, அவர்கள் அருகிலுள்ள நாடுகளைக் குறைந்த செலவில் சுற்றிப் பார்ப்பதுண்டு. முதுகில் ஒரு பையும் கையில் அளவான பணமுமாகப் புறப்பட்ட நான்கு தோழியரின் எட்டு நாள் பயணத்தை இப்பாடம் கூறுகிறது.

நான்கு ஊர்களும் ஓர் அறையும்

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் எல்பே ஆற்றின் இரு கரைகளிலும் பரந்திருக்கும் நகரம் டிரெஸ்டன். 1945 பிப்ரவரியில் பொழிந்த குண்டுகளால் அதன் நடுப்பகுதி தரைமட்டமானது. அன்று இடிந்த பெரிய தேவாலயம் ஒன்று, எஞ்சிய பழைய கற்களையும் சேர்த்து மீண்டும் எழுப்பப்பட்டு 2005-இல் திறக்கப்பட்டது. கருத்த பழங்கற்களும் வெளிறிய புதுக்கற்களும் கலந்து நிற்கும் அதன் சுவரை இன்றும் காணலாம்.

அந்நகரில் முதுநிலைப் பொறியியல் படித்த இந்திய மாணவியர் நால்வர் ஒரே விடுதித் தளத்தில் தங்கியிருந்தனர். அவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பிறந்து வளர்ந்த ஊரே ஒவ்வொருவருக்கும் பெயராயிற்று. ஒருத்தி மதுரை, ஒருத்தி கொச்சி, ஒருத்தி நாக்பூர், நான்காமவள் பிலாய்.

பிலாய் தமிழ்ப்பெண்தான். அவளுடைய தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வேலை தேடி வடக்கே சென்றவர். 1959-இல் இரும்பு உருக்கத் தொடங்கிய பிலாய் உருக்காலையில் அவர் பணியில் சேர்ந்தார். மகனும் அங்கேயே பணியாற்றினார். பேத்தி பள்ளியில் படித்தது இந்தியும் ஆங்கிலமும். தமிழ் எழுத்துகளைப் பாட்டிதான் நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் எழுதிக் காட்டிக் கற்பித்தார். பாட்டி மறைந்த பின் அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பதோடு நின்றுவிட்டாள். தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுதும்போது மட்டும் ‘ல’கரமும் ‘ள’கரமும் இடம் மாறும்.

மாணவர் விசாவில் ஜெர்மனிக்குச் செல்வோர் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு உரிய தொகை தம்மிடம் உள்ளதெனக் காட்ட வேண்டும். பெரும்பாலோர் அதனை ஒரு தனி வங்கிக் கணக்கில் முன்னதாகவே செலுத்திவிடுவர். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. அதிலிருந்து மாதந்தோறும் 992 யூரோ மட்டுமே எடுக்க இயலும். வாடகை, மருத்துவக் காப்பீடு, உணவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காதபோது மாணவர் பகுதிநேர வேலை செய்வர். அதற்கும் எல்லை உண்டு: ஆண்டுக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள்.

பிலாய் ஓர் உணவகத்தில் மாலை வேளைகளில் பாத்திரம் துலக்கி வந்தாள். அந்த ஆண்டு ஆகஸ்டு இறுதியில் உணவகத்தில் ஆட்குறைப்பு நேர்ந்தது. அவளுக்கு வேலை இல்லாமற்போயிற்று. அதனை அவள் யாரிடமும் கூறவில்லை.

திட்டம்

ஜெர்மனியில் அக்டோபரில்தான் அடுத்த பருவ வகுப்புகள் தொடங்கும். செப்டம்பர் விடுமுறையில் பிராக், வியன்னா, புடாபெஸ்ட் ஆகிய மூன்று நகரங்களையும் பார்த்துவரலாம் என்று நாக்பூர் கூறினாள். மற்றவர்கள் உடனே ஒப்புக்கொண்டனர்.

ஜெர்மனியில் தங்கும் உரிமை அட்டை உடையவர் செக் நாடு, ஆஸ்திரியா, ஹங்கேரி ஆகியவற்றுக்குத் தனியே விசா பெற வேண்டியதில்லை. 1985-இல் லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் கையெழுத்தான உடன்படிக்கையே இதற்கு அடிப்படை. அதனை ஏற்ற நாடுகளுக்குள், எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள் வரை அவர்கள் சென்றுவரலாம். கடவுச்சீட்டையும் உரிமை அட்டையையும் எப்போதும் உடன் வைத்திருப்பது மட்டும் கட்டாயம்.

செலவுத் திட்டம் சமையலறை மேசையில் உருவாயிற்று. தங்கும் விடுதிகளில் பெண்களுக்கான பொதுப் படுக்கையறைகளையே தேர்ந்தனர். திரும்பும் பயணத்தை இரவுப் பேருந்தில் அமைத்தனர்; அதனால் ஓர் இரவின் வாடகை மிச்சமாகும். பயணச்சீட்டுக்கும் தங்குவதற்கும் ஆளுக்கு 210 யூரோ பொதுப்பையில் சேர்ப்பது. உணவும் நுழைவுச்சீட்டும் அவரவர் கைப்பணத்தில் பார்த்துக்கொள்வது. இதுவே அவர்கள் வகுத்த விதி.

“உணவுக்கும் மற்றவற்றுக்கும் ஆளுக்கு 120 யூரோ இருந்தால் போதும் அல்லவா?” என்று கொச்சி கேட்டாள். மூவரும் தலையசைத்தனர். பிலாயும் தலையசைத்தாள். பொதுப்பைக்கு 210 யூரோ கொடுத்த பின் அவள் கையில் எஞ்சியது 45 யூரோ. அடுத்த மாதப் பணம் வரும்வரை அதுவே அவளுடைய முழு இருப்பு.

கணக்கில் கெட்டிக்காரி என்று பொதுப்பையையும் குறிப்பேட்டையும் அவளிடமே ஒப்படைத்தனர்.

பிராக்

வியாழக்கிழமை காலையில் நால்வரும் புறப்பட்டனர். எல்லையருகே உள்ள பாட் ஷாண்டாவ் வரை மாணவர் பயணச்சீட்டே செல்லும் என்பதால், அதற்கு அப்பால் உள்ள தொலைவுக்கு மட்டுமே செலவு. தொடர்வண்டி எல்பே ஆற்றை ஒட்டியே ஊர்ந்தது. இருபுறமும் மணற்பாறைக் குன்றுகள் கோட்டைச் சுவர்போல் எழுந்து நின்றன.

பிராக் நகரில் பார்ப்பதற்கு உரியவை பல. அவற்றுள் காசு கேட்காதவையும் பல. மன்னர் நான்காம் சார்லஸ் காலத்தில், 1357-இல் கட்டத் தொடங்கிய கல்பாலம் வல்தாவா ஆற்றின் குறுக்கே 516 மீட்டர் நீண்டு கிடக்கிறது. அதன் இருபுறமும் முப்பது சிலைகள் உள்ளன. பழைய நகர மன்றச் சுவரில் 1410-இல் அமைந்த வானியல் கடிகாரம் மணிதோறும் பொம்மைகளை வெளிக்காட்டுகிறது. மலைமேல் உள்ள அரண்மனையின் முற்றங்களிலும் கட்டணமின்றி உலவலாம். உள்ளே சென்றால்தான் சீட்டு வேண்டும்.

செக் நாட்டில் யூரோ செல்லாது. கொருனா என்பதே நாணயம். கழிவு இல்லை என்று பெரிய எழுத்தில் அறிவித்திருந்த ஒரு நாணய மாற்றுக் கடையில் பிலாய் பொதுப்பணத்தில் 40 யூரோவை மாற்றினாள். வெளியே வந்து கணக்கிட்டபோதுதான் மாற்று விகிதம் மிகக் குறைவு என்பது புரிந்தது. விடுதிக்குச் சென்று வரவேற்பாளரிடம் கூறினர். “சீட்டு இருக்கிறதா? மூன்று மணி நேரத்திற்குள் சென்றால் பணத்தைத் திரும்பத் தர வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம்” என்றார் அவர். பிலாய் சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் 40 யூரோவும் திரும்பி வந்தது. “நீ இல்லாவிட்டால் நாங்கள் மூன்றாம் நாளே ஊர் திரும்ப வேண்டியதுதான்” என்று நாக்பூர் அவளைத் தட்டிக்கொடுத்தாள். பிலாய் சிரித்தாள், ஒன்றும் கூறவில்லை.

மறுநாள் மாலை, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றபோது மதுரை ஒரு செய்தியைக் கூறினாள். “கமில் சுவெலபில் என்னும் தமிழறிஞர் 1927-இல் இந்த ஊரில்தான் பிறந்தார். செக் மொழி பேசி வளர்ந்தவர் தமிழைக் கற்றார்; சங்க இலக்கியத்தை ஆராய்ந்தார். தமிழ் இலக்கியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1973-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பெயருக்கு முருகனின் புன்னகை என்று பொருள்.”

பிலாய் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இங்கே பிறந்தவர் சங்க இலக்கியம் படித்தார். நான் கடைப்பலகையையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன்” என்றாள்.

“அவரும் ஒருநாள் எழுத்துக்கூட்டித்தான் தொடங்கியிருப்பார்” என்றாள் மதுரை.

அன்றிரவு, மற்றவர்கள் உறங்கிய பின், பிலாய் குறிப்பேட்டைத் திறந்தாள். முன்பக்கங்களில் பொதுக்கணக்கு ஆங்கிலத்தில் இருந்தது. அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தன் சொந்தக் கணக்கைத் தமிழில் எழுதத் தொடங்கினாள்.

வியன்னாவில் ஒரு ஞாயிறு

சனிக்கிழமை வியன்னாவுக்குச் செல்லும் தொடர்வண்டி வழியில் நெடுநேரம் நின்றுவிட்டது. நகரை அடைந்தபோது மாலை மணி ஏழு. ஆஸ்திரியாவில் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கே பல்பொருள் அங்காடிகள் அடைக்கப்படும். ஞாயிறு முழுவதும் அவை திறவா. விலை குறைந்த ரொட்டியும் பாலும் பழமும் வாங்கி ஞாயிற்றுக்கிழமையை ஓட்டிவிடலாம் என்று பிலாய் போட்டிருந்த கணக்கு அங்கே சரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் நகரைச் சுற்றி நடந்தனர். பழைய கோட்டை மதிலை அகற்றிய இடத்தில் அமைந்த வட்டச் சாலையில் மாளிகைகள் வரிசையாக நின்றன. நண்பகலில் மூவரும் ஒரு சிறிய உணவகத்திற்குள் நுழைந்தனர். “எனக்குப் பசியில்லை, வயிறு சரியில்லை. பூங்காவில் காத்திருக்கிறேன்” என்றாள் பிலாய். மூவரும் அதை நம்பினர்.

வியன்னாவின் குழாய்நீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருவது. அந்நீரைக் கொண்டுவரும் முதல் நெடுங்குழாய்ப் பாதை 1873-இல் திறக்கப்பட்டது. தெருக்களிலும் பூங்காக்களிலும் குடிநீர்க் குழாய்கள் உள்ளன. யாரும் பருகலாம், விலை இல்லை. பிலாய் அன்று நான்கு முறை தன் புட்டியை நிரப்பினாள்.

வரிசை

வியன்னா அரசு இசை நாடக அரங்கு 1869-இல் மொசார்ட்டின் இசை நாடகத்தோடு தொடங்கப்பட்டது. போரில் இடிந்து, 1955-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே நல்ல இருக்கைக்கு நூறு யூரோவுக்கும் மேல் கொடுக்க வேண்டும். ஆனால் நின்றுகொண்டே காண்பவர்களுக்கு மிகக் குறைந்த விலையில், காட்சி நாளன்றே சீட்டு வழங்குவது அவ்வரங்கின் நெடுநாள் வழக்கம். நின்று காண்போர் முன்னுள்ள கம்பியில் தம் கழுத்துத் துணியைக் கட்டித் தம் இடத்தை உறுதி செய்துகொள்வது முன்பு வழக்கமாக இருந்தது. அத்துணியை மற்றவர் தொட்டதில்லை.

தாயிடம் இந்துஸ்தானி இசை பயின்ற நாக்பூருக்கு இந்த அரங்கே பயணத்தின் நோக்கம். திங்கட்கிழமை காலையில் நால்வரும் சீட்டு வரிசையில் நின்றனர். சீட்டின் விலை ஏறத்தாழ பதினைந்து யூரோ. பிலாய் தன் பையை மதுரையிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கச் சென்றாள்.

பொதுப்பையில் எவ்வளவு மீதம் என்று கொச்சி கேட்டாள். பார்த்துக் கூறுவதற்காக மதுரை குறிப்பேட்டை எடுத்தாள். அது தலைகீழாகத் திறந்து கொண்டது. கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்துகள். வளைந்தும் நெளிந்தும், ஒரு குழந்தையின் கையெழுத்துப்போல.

“கையில் 45.
வியாழன் ரொட்டி, பால் 4.
வெல்லி சூப், பஸ் 11.
சனி பன் 5.
நியாயிறு 0. பசிக்குது. சொள்ளவில்லை.
திங்கல் டிக்கெட் 15? வேண்டாம் என்று எப்படிச் சொள்வது?”

மதுரை அதை இரண்டு முறை படித்தாள். பிறகு குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்தாள். வரிசை நகர்ந்தது. பிலாய் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றாள். அவளுடைய உதடுகள் வறண்டிருந்ததை மதுரை அப்போதுதான் கவனித்தாள்.

எல்லோர் முன்னிலையிலும் உண்மையைக் கூறினால் தோழி நாணுவாள். கூறாமல் விட்டால் மீதமுள்ள நாள்களும் இப்படியே கழியும். தானே அவளுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கினால் அது கொடை ஆகிவிடும், தோழமை ஆகாது. மதுரை சற்றுநேரம் எண்ணினாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, “என்னால் இந்தச் சீட்டு வாங்க முடியாது. என் கைப்பணம் குறைந்துவிட்டது. அரங்கின் பக்கத்திலுள்ள திடலில் இன்று இதே நாடகத்தைப் பெருந்திரையில் நேரலையாகக் காட்டுகிறார்களாம். கட்டணம் இல்லை. நான் அங்கே அமர்ந்து பார்க்கிறேன்” என்றாள்.

ஒரு கணம் யாரும் பேசவில்லை. “எனக்கும் அப்படித்தான்” என்றாள் கொச்சி. “நான் இந்தப் பயணத்திற்கு அண்ணனிடம் கடன் வாங்கித்தான் வந்தேன். கூறக் கூச்சமாக இருந்தது.”

பிலாய் வாய் திறக்கவில்லை. ஆனால் வரிசையிலிருந்து முதலில் விலகியவள் அவள்தான்.

நாக்பூர் தயங்கினாள். “நீ போ. உனக்காகத்தானே வந்தோம்! வெளியே வந்ததும் நீ உள்ளே கண்டதை எங்களுக்குக் கூறு” என்று மூவரும் அவளை வற்புறுத்தி நிறுத்தினர்.

திடலில்

மாலையில் திடல் நிறைந்திருந்தது. முதியவர்களும் குழந்தைகளும் பயணிகளும் நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர். பெருந்திரையில் மேடை தெரிந்தது. கொச்சி முன்வரிசைக்குச் சென்று அமர்ந்தாள். மதுரையும் பிலாயும் பின்னால் இருந்தனர். அன்று அங்காடிகள் திறந்திருந்தன. மதுரை வாங்கி வந்த ரொட்டியும் வாழைப்பழமும் இருவருக்கும் நடுவே இருந்தன.

“உன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டேன்” என்றாள் மதுரை, தமிழில்.

பிலாயின் முகம் சிவந்தது. “என்னைக் கேட்காமலா?”

“பொதுக்கணக்கைப் பார்க்கத்தான் திறந்தேன். கண்ணில் பட்டதும் மூடியிருக்க வேண்டும். மூடாதது என் தவறு. மன்னித்துவிடு.”

பிலாய் நெடுநேரம் திரையைப் பார்த்திருந்தாள். பாடகியின் குரல் ஏறி, நின்று, இறங்கியது. “யாருக்கும் புரியக்கூடாது என்றுதான் தமிழில் எழுதினேன்” என்றாள்.

“எனக்குப் புரியும் என்பதை மறந்துவிட்டாயா?”

பிலாய் உடனே விடை கூறவில்லை. ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்தாள். “மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்” என்றாள் மெல்லிய குரலில். பிறகு, “வேலை போய் ஒரு மாதம் ஆகிறது. அப்பாவிடம் கேட்கலாம். ஆனால் கல்விக் கடனுக்கு அவர் வீட்டுப் பத்திரத்தை ஈடாக வைத்திருக்கிறார். விடுமுறையில் ஊர் சுற்றப் பணம் அனுப்புங்கள் என்று அவரிடம் எப்படிக் கேட்பது? வரவில்லை என்று உங்களிடம் கூறவும் மனம் இல்லை. நீங்கள் மூவரும் போய்விட்டால் அந்தத் தளத்தில் நான் தனியாக இருக்க வேண்டும்” என்றாள்.

“ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பட்டினியாக வெளியே விட்டுவிட்டு நாங்கள் உள்ளே உண்டோம். அதை நினைத்தால் அந்தச் சோறு இப்போது கசக்கிறது. நீ மறைத்தது உன் பணத்தை மட்டும் அன்று, எங்களையும் அறியாதவர்களாக்கிவிட்டாய்” என்றாள் மதுரை.

கடிந்துரைபோல் இருந்தாலும் அதில் இருந்தது வருத்தமே என்பது பிலாய்க்குப் புரிந்தது. அவள் ரொட்டியை உண்ணத் தொடங்கினாள்.

புதிய விதி

செவ்வாய்க்கிழமை பேருந்தில் புடாபெஸ்ட் சென்றனர். அன்றிரவு விடுதியின் சமையலறையில் பிலாய் தானே குறிப்பேட்டை மேசைமேல் வைத்தாள். கடைசிப் பக்கத்தை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். பின் அதன் பொருளை இந்தியிலும் கூறினாள். “பசிக்குது” என்னும் சொல்லுக்குப் பொருள் கூற வேண்டியிருக்கவில்லை. மலையாளத்திலும் பசி இல்லாத சொல் அன்றே! நாக்பூருக்கு அவள் முகமே பொருள் கூறிற்று.

நாக்பூர் எழுந்து சென்று தன் பணப்பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினாள். கொச்சியும் மதுரையும் அவ்வாறே செய்தனர். பிலாய் தன்னிடம் இருந்த 22 யூரோவை வைத்தாள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினர். மீதமுள்ள நாள்களுக்கு எல்லாச் செலவும் அதிலிருந்தே என்று முடிவாயிற்று. புகழ்பெற்ற வெந்நீர் ஊற்றுக் குளியலைக் கைவிட்டனர். உணவகங்களையும் கைவிட்டனர். மதுரையிடம் சாம்பார்ப் பொடி இருந்தது. 1897-இல் திறந்த பெருஞ்சந்தைக் கட்டடத்தில் தக்காளியும் மிளகாயும் வெங்காயமும் வாங்கினர். நால்வரும் இரண்டு நாள் வயிறார உண்ண ஆன செலவு 14 யூரோ.

டான்யூப் ஆற்றின் மேற்கரையில் புடா. கிழக்குக் கரையில் பெஸ்ட். இரு நகரங்களையும் இணைத்த முதல் நிலையான பாலம் 1849-இல் திறக்கப்பட்டது. 1873-இல் அவை ஒரே நகராயின. அப்பாலத்தின் மீது நடப்பதற்கும் மலைமேல் ஏறி ஆற்றைக் காண்பதற்கும் காசு தேவையில்லை.

நாடாளுமன்றத்திற்கு அருகே, ஆற்றின் விளிம்பில், இரும்பால் வார்த்த அறுபது இணைக் காலணிகள் வரிசையாக உள்ளன. ஆண்களுடையவை, பெண்களுடையவை, குழந்தைகளுடையவை. 1944–45 குளிர்காலத்தில் யூதர்களை இக்கரையில் நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் செய்து, ஆற்றில் விழும்படி சுட்டுக் கொன்றனர். காலணிக்கு விலை இருந்தது. மனிதர்க்கு இல்லை என்று கொன்றவர்கள் எண்ணினர். அந்த நினைவிடம் 2005-இல் அமைந்தது. அங்கே யாரும் பேசவில்லை. கொச்சி ஒரு சிறு காலணியின் அருகே கூழாங்கல் ஒன்றை வைத்தாள். பயணத்தில் பார்த்தவற்றுள் எது மனத்தில் நின்றது என்று பின்னர் யார் கேட்டாலும் நால்வரும் இதனையே கூறினர்.

வியாழக்கிழமை இரவுப் பேருந்து. விடியும் முன் ஜெர்மன் எல்லையில் காவலர் ஏறிக் கடவுச்சீட்டுகளைச் சரிபார்த்தனர். நால்வரும் அவற்றைக் கையிலேயே வைத்திருந்தனர். வெள்ளிக்கிழமை காலை டிரெஸ்டனில் இறங்கியபோது பொதுப்பையில் 61 யூரோ மீதம் இருந்தது. அதனை நான்காகப் பங்கிடலாமா என்று பிலாய் கேட்டாள். “அடுத்த மாதப் பணம் உனக்கு வரும்வரை விடுதிச் சமையலும் பொதுப்பையிலிருந்துதான்” என்று நாக்பூர் முடித்துவிட்டாள்.

துண்டுச்சீட்டு

அக்டோபரில் பிலாய்க்குப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை கிடைத்தது. அதற்குள் தோழியர் ஒரு பழக்கத்தைத் தொடங்கியிருந்தனர். எந்தப் பயணத்தைத் திட்டமிடும் முன்னும், தம்மால் செலவிட இயலும் தொகையை ஒவ்வொருவரும் ஒரு துண்டுச்சீட்டில் பெயரின்றி எழுதி ஒரு கிண்ணத்தில் இடுவர். நான்கையும் பிரித்துப் பார்ப்பர். அவற்றுள் மிகக் குறைந்த தொகை எதுவோ, அதுவே நால்வருக்கும் உரிய அளவு. அது யாருடையது என்று கேட்பதில்லை.

ஜெர்மனியில் ஒருமுறை பயன்படும் நெகிழிப் புட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். விடுதித் தளத்தில் சேர்ந்திருந்த 38 புட்டிகளைக் கொடுத்துப் பெற்ற 9.50 யூரோ புதிய பொதுப்பையின் முதல் வரவாயிற்று.

அடுத்த விடுமுறையில் பாரிசுக்குச் செல்வது நாக்பூரின் ஆவல். கிண்ணத்தில் நான்கு சீட்டுகள் விழுந்தன. குறைந்த தொகை 10 யூரோ. யாரும் முகம் சுளிக்கவில்லை. பாரிசு இன்னோர் ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று.

அவர்கள் தக்காளிச் சோற்றைக் கட்டிக்கொண்டு, மாணவர் பயணச்சீட்டிலேயே செல்லக்கூடிய எல்பே பள்ளத்தாக்கின் மணற்பாறைக் குன்றுகளுக்குச் சென்றனர். முதல் நாள் தொடர்வண்டிச் சாளரத்தின் வழியே கண்ட அதே குன்றுகள்! பாஸ்டை என்னும் பாறைமேல், 1851-இல் கட்டிய கல்பாலத்தில் நின்று, கீழே வளைந்தோடும் ஆற்றைப் பார்த்தனர். கீழே இறங்கும் முன் பிலாய் குறிப்பேட்டை எடுத்து அன்றைய கணக்கைத் தமிழில் எழுதினாள். மதுரை எட்டிப் பார்த்து, “வெள்ளிக்கு இந்த ‘ள’ வராது என்று நினைத்தேன், வந்துவிட்டதே!” என்றாள்.

இம்முறை அவள் கடைசிப் பக்கத்தில் எழுதவில்லை; முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள்.

சொல் அறிவோம்

கடவுச்சீட்டு – வெளிநாடு செல்ல அரசு வழங்கும் அடையாள ஏடு
கழிவு – தரகாகக் கழித்துக்கொள்ளும் தொகை
ஈடு – கடனுக்கு உறுதியாக வைக்கும் பொருள்
கடிந்துரை – கண்டித்துக் கூறும் சொல்
பொதுப்பை – பலரும் பணம் சேர்த்து வைக்கும் பை

எண்ணிப் பார்த்து எழுதுக

1. பிலாய் தன் சொந்தக் கணக்கை ஏன் தமிழில் எழுதினாள்? “மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்” என்று அவள் கூறியதன் பொருள் யாது?
2. வரிசையில் மதுரை கூறியது உண்மையா? அவள் செய்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. பிலாயின் குறிப்பில் உள்ள எழுத்துப் பிழைகளைக் கண்டறிந்து திருத்தி எழுதுக.
4. பயணத்தின் முன் வகுத்த விதிக்கும் பின்னர் வந்த துண்டுச்சீட்டுப் பழக்கத்திற்கும் உள்ள வேறுபாடு என்ன?
5. உம் வீட்டில் தமிழ் எழுதப் படிக்கக் கற்பித்தவர் யார்? அவரைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.